திறக்காத கோப்புக்குள் ஒரு கட்டடம்

நூறு ஆண்டுக்கு முன் வரைந்த கட்டட வரைபடத்தைப் பார்க்க, நாடாவை அவிழ்த்துச் சுருளை மேசைமீது விரித்தால் போதும். தாள் பழுத்திருக்கும், ஓரங்கள் உதிரும். இருந்தாலும் சுவர் எங்கே வருகிறது, படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, வரைந்தவர் எந்தக் கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டு மறுபடி இழுத்தார் என்பது வரை கண்ணுக்குத் தெரியும். அதே பல்கலைக்கழகக் கட்டடக்கலை நூலகத்தின் இன்னோர் அலமாரியில், 2010-இல் ஒரு மாணவி தன் இறுதியாண்டு வடிவமைப்புடன் ஒப்படைத்த குறுந்தகடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயதில் அது அந்தச் சுருளுக்குப் பேத்தி முறை. படிப்பதற்குச் சிரமம் தருவதோ இந்தப் பேத்திதான்.

தகடு போட இடமுள்ள கணினியைத் தேடிப் பிடிப்பது முதல் வேலை. தகடு சுழன்று, உள்ளே இருப்பது தெரிகிறது: கட்டடத்தின் முப்பரிமாண உருவைக் கணினியில் வைத்திருக்கும் ஆறு மாதிரிக் கோப்புகள். அவற்றில் மூன்றின் பெயர் ‘இறுதி’ என்று தொடங்குகிறது. தேர்வாளர்கள் முன் வைக்கப்பட்டது இவற்றில் எது? ஒன்றைத் திறந்தால் கட்டடம் சாம்பல் நிறத்தில் வருகிறது. மரம், கல், கண்ணாடி என்று அந்த மாணவி பூசியிருந்த பரப்புகளின் படங்கள் அவருடைய சொந்தக் கணினியின் ஏதோ ஒரு கோப்புறையில் இருந்தன. அவை தகட்டுக்கு வரவே இல்லை. கூரையின் வளைவை விதிகளால் உருவாக்கிய கிராஸ்ஹாப்பர் என்ற மென்பொருளின் கோப்பைத் திறந்தால் எச்சரிக்கைகள் வரிசைகட்டி நிற்கின்றன: இந்த உறுப்பு கிடைக்கவில்லை, அந்த உறுப்பு கிடைக்கவில்லை. மிஞ்சிய சில உறுப்புகளுக்கு நடுவே, எண்ணைக் கூட்டிக் குறைக்க உதவும் ஒரு நகர்த்துக் கட்டை மட்டும் 0.62 என்ற எண்ணில் நிற்கிறது. எதன் 0.62? சன்னல்களின் இடைவெளியா, கூரையின் சாய்வா, வெயிலின் அளவா? அதிலிருந்து கிளம்பிய, உறுப்புகளை இணைக்க வேண்டிய கம்பிகள் எங்கும் போய்ச் சேரவில்லை.

டிஜிட்டல் மாதிரியில் முதலில் அழிவது உருவம் அல்ல. அந்த உருவம் ஏன் அப்படி இருக்கிறது என்ற கணக்குதான் முதலில் போகிறது. கட்டடக்கலை நூலகங்கள் காப்பாற்ற வேண்டியது அந்தக் கணக்கை. கோப்பு நூலகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த வேலையைத் தொடங்கினால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

நூலகத்தின் இரண்டு பக்கங்கள்

டிஜிட்டல் மாதிரி வளங்கள் என்று நூலகங்கள் அழைப்பதற்குள் பலவகைச் சரக்கு அடங்கியிருக்கிறது. உரிமம் பெற்ற மென்பொருள் ஏற்றிய கணினிகள், லேசர் ஸ்கேனர்கள், முப்பரிமாண அச்சுப்பொறிகள், நிலப்பரப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தரவுகள், நகரப் பகுதிகளின் அடித்தள மாதிரிகள், கல்லும் மரமும் ஓடும் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும் பொருள் மாதிரிகள். இவை அன்றாடப் பயன்பாட்டுக்கானவை. இன்னொரு பக்கம் காப்பகம்: மாணவர் ஆய்வேடுகளுடன் வந்த கோப்புகள், ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர்களின் அலுவலகங்களிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த வன்தட்டுகள், பழங்கட்டடங்களின் ஸ்கேன் பதிவுகள்.

இந்த இரண்டு பக்கங்களையும் தனித்தனித் துறைகளாக நடத்துவதை நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு எந்த ஆண்டில் புழக்கத்தில் இருந்தது, மாணவர்கள் எந்தப் பிளக்இன்னை (மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவியை) நம்பி வேலை செய்கிறார்கள் என்பது கணினிக்கூடத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஒரு பொருளை ஐம்பது ஆண்டு வைத்திருக்க என்ன எழுதி வைக்க வேண்டும் என்பது காப்பாளருக்குத் தெரியும். இருவரும் சந்தித்துப் பேசிக்கொள்ளாத நூலகத்தில் அந்தக் குறுந்தகட்டுக்கு நேர்ந்ததுதான் எல்லாக் கோப்புக்கும் நேரும்.

அவர்கள் சேர்ந்து வேலை செய்தால் பலன் உடனே தெரியும். வடிவமைப்பு வகுப்புகளில் ஆண்டுதோறும் மாணவர் குழுக்கள் ஒரே மனையையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் புதிதாக அளந்து, புதிதாக மாதிரி கட்டுகின்றன. சென்ற ஆண்டுக் குழு கட்டிய மாதிரியை, ‘இந்த உயரங்கள் இந்த மூலத்திலிருந்து, இந்த மாதத்தில் எடுத்தவை; பின்பக்கக் கட்டடங்கள் மட்டும் தோராயம்’ என்ற ஒரு பத்தியுடன் நூலகம் வைத்திருந்தால், இந்த ஆண்டுக் குழு அந்த வாரங்களை வடிவமைப்புக்குச் செலவிடலாம். இருபது ஆண்டு கழித்து அந்த மாதிரிகளின் வரிசையே அந்தத் தெரு எப்படி மாறியது என்பதற்குச் சான்றாகிவிடும். அன்றாடப் பொருள்தான் காப்பகப் பொருளாக முதிர்கிறது.

ஒரு கதவு, மூன்று கோப்பு

மாதிரி என்றால் என்ன என்று ஒரு கதவை வைத்தே பார்த்துவிடலாம்.

முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். வகைக் கோப்பில் எல்லா உருவமும் முக்கோணங்களாக உடைக்கப்பட்டிருக்கும். எளிய கதவுப் பலகை ஆறு முகம் கொண்ட பெட்டி. ஒரு முகத்துக்கு இரண்டு வீதம் 12 முக்கோணங்கள். இருமக் குறியீட்டில் எழுதினால் தலைப்புக்கு 80 பைட், எண்ணிக்கைக்கு 4 பைட், ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 50 பைட். ஆக 684 பைட்டில் கதவு முடிந்துவிடுகிறது. இதில் கதவு என்ற சொல்லுக்குத் தனி இடம் கிடையாது. அலகுகூடக் கிடையாது. 2100 என்று ஓர் எண் இருந்தால் அது மில்லிமீட்டரா அங்குலமா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். கதவை வைத்திருக்கும் சுவரும் இந்தப் பெட்டியும் அருகருகே கிடக்கும் இரண்டு முக்கோணக் குவியல்கள், அவ்வளவே.

ஐ.எஃப்.சி. வகைக் கோப்பு வேறு விதம். பல நிறுவனங்களின் மென்பொருள்கள் தமக்குள் கட்டடத் தகவலைப் பரிமாறிக்கொள்ளவென உருவாக்கப்பட்டு, 2013-இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற சர்வதேசத் தரமாகவே ஏற்கப்பட்ட வகை இது. இதன் வழக்கமான வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு; குறிப்பெழுதும் சாதாரண மென்பொருளில் திறந்தாலே முதல் வரியில் ஐ.எஸ்.ஓ. 10303-21 என்ற தர எண் தெரியும். கதவு இங்கே கதவு என்ற பெயரோடு, உயரம் அகலத்தோடு, தனி அடையாள எண்ணோடு ஒரு வரியாக நிற்கிறது. இன்னொரு வரி, இந்தச் சுவரில் ஒரு திறப்பு இருக்கிறது என்கிறது. மற்றொரு வரி, அந்தத் திறப்பை நிரப்புவது இந்தக் கதவு என்கிறது. எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பதையும் தனிப் பண்பாகச் சேர்க்கலாம். மென்பொருள் ஒன்றுமே இல்லாவிட்டாலும், பொறுமையுள்ள ஒருவர் இந்த வரிகளைக் கண்ணால் படித்தே கதவு எந்தச் சுவரில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். காப்பக நோக்கில் இது பெரிய கொடை.

மூன்றாவது, வடிவமைத்தவரின் மூலக் கோப்பு. அதில் சுவரை நகர்த்தினால் கதவும் நகரும். மூலையிலிருந்து கதவு இத்தனை தூரம் தள்ளியே நிற்க வேண்டும், அறை அகன்றால் ஒற்றைக் கதவு இரட்டைக் கதவாக வேண்டும் என்று வடிவமைத்தவர் வைத்த விதிகள் அதற்குள் உயிரோடு இருக்கின்றன. ஐ.எஃப்.சி.க்கு மாற்றும்போது விதியின் விளைவு போய்ச் சேரும்; விதி பெரும்பாலும் போய்ச் சேராது. எஸ்.டி.எல். ஆக்கினால் விளைவில்கூட உருவம் மட்டுமே மிஞ்சும். பாதுகாப்பான வகைக்கு மாற்றிவிட்டோம் என்று நிம்மதி அடைகிற ஒவ்வொரு முறையும் எது கழிந்துபோனது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த விதிகள் அண்மையில் வந்து ஒட்டிக்கொண்ட அலங்காரம் என்று யாராவது நினைத்தால் அது தவறு. கணினியில் வரைவதன் தொடக்கத்திலேயே அவை இருந்தன. 1963-இல் ஐவன் சதர்லாந்து தம் எம்.ஐ.டி. ஆய்வேட்டுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேடில், ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டுவிட்டு, இந்த இரண்டும் இணையாக இருக்க வேண்டும், இவை சம நீளமாக இருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. இயந்திரம் வரைபடத்தை அதற்கேற்பத் திருத்திக்கொண்டது. ஒரு மூல உருவத்திலிருந்து பல படிகளை எடுத்து வைத்து, மூலத்தை மாற்றினால் படிகள் எல்லாம் தாமாகவே மாறின. 1982-இல் வந்த ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருள், மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் வரைபலகையின் வேலையை: கோடு, வளைவு, எழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர். அது மிகப் பெரிய உதவி. ஆனாலும் பல அலுவலகங்களுக்குக் கணினி என்றால் விரைவாகக் கோடு போடும் கருவி என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. கட்டடத்தையே உறுப்புகளும் உறவுகளுமாகப் பார்க்கும் வழியை 1980-களில் ஆர்க்கிகேடும் 2000-இல் ரெவிட்டும் பரப்பின. வளைபரப்புகளைத் துல்லியமாகக் கையாளும் ரைனோ 1998-இல் முதல் பதிப்பாக வந்தது. அதன்மேல் 2007 வாக்கில் டேவிட் ரட்டன் உருவாக்கத் தொடங்கியதுதான் கிராஸ்ஹாப்பர். விதியைப் பெட்டிகளாகவும் கம்பிகளாகவும் திரையில் பரப்பி வைக்கும் முறை அது. அதற்குப் பிறகு மாணவர்கள் வடிவமைப்பது பல நேரம் கட்டடத்தை அல்ல, கட்டடத்தைப் பிறப்பிக்கும் கணக்கை. அந்தக் கணக்கை விட்டுவிட்டு அது பெற்றெடுத்த ஓர் உருவத்தை மட்டும் நூலகம் வாங்கி வைப்பது, சமையற்குறிப்பு எழுதியவரிடம் ஒரு தட்டுச் சோற்றை மட்டும் வாங்கி வைப்பதற்குச் சமம்.

எப்படி இறக்கிறது ஒரு கோப்பு

சேமித்த ஊடகம் கெடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நெகிழ்வட்டும் ஜிப் வட்டும் குறுந்தகடும் பழுதாகின்றன, அவற்றைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. இது உண்மையான சிக்கல்தான், ஆனால் தீர்வு தெரிந்த சிக்கல். காலத்தோடு படி எடுத்து, இரண்டு மூன்று இடங்களில் வைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, அவ்வப்போது அந்த எண் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் பைட்டுகள் பிழைக்கும்.

பைட்டுகள் பிழைப்பதும் மாதிரி பிழைப்பதும் வேறு வேறு. ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி. கோப்பு ஒன்றைக் குறிப்பெழுதும் மென்பொருளில் திறந்து பாருங்கள். திரை முழுக்கக் குப்பை போல எழுத்துகள் கொட்டும். ஆனால் முதல் ஆறு எழுத்துகளை மட்டும் படிக்கலாம். ஏ.சி.1015 என்று இருந்தால் அது ஆட்டோகேட் 2000 காலத்து அமைப்பு, ஏ.சி.1032 என்றால் 2018 காலத்தது. கோப்பின் பிறப்புச் சான்று அது. பெயரும் தேதியும் தொலைந்த நூற்றுக்கணக்கான கோப்புகளை இந்த ஆறு எழுத்தை வைத்தே காலவரிசைப்படுத்தத் தொடங்கலாம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் பிரோனோம் என்ற பதிவேடு இத்தகைய அடையாளங்களைக் கோப்பு வகைவாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஒரு வன்தட்டு முழுவதையும் தானாகவே வகைப்படுத்தும் டிராய்ட் என்ற இலவசக் கருவியும் அங்கிருந்தே கிடைக்கிறது.

மென்பொருள்களின் குணமும் ஒன்றல்ல. ரைனோ தன் பழைய பதிப்புகளின் கோப்புகளைத் திறக்கும். அதன் கோப்பு வகையைப் படிக்கவும் எழுதவும் தேவையான நிரலை அதன் நிறுவனமே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ரெவிட் பழைய கோப்பைத் திறக்கும்போது புதிய பதிப்புக்கு மாற்றிவிடும். மாற்றியதைப் பழைய பதிப்பாகத் திரும்பச் சேமிக்க வழியில்லை. ஆகவே காப்பகத்தில் மூலக் கோப்பை நேரடியாகத் திறப்பதே ஆபத்து. படி எடுத்துத் திறக்க வேண்டும்.

உண்மையில் அதிகம் கொல்வது அறுந்த தொடர்புகள்தான். ஆட்டோகேட் வரைபடம் ஒன்று தன் தரைத்தளத்தை வேறொரு கோப்பிலிருந்து இழுத்துக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோப்பு கூட வரவில்லை என்றால் தூண்களின் வரிசை இருந்த இடத்தில் கோப்பின் பெயர் மட்டும் எழுத்தாக நிற்கும். எழுத்துருக் கோப்பு இல்லாவிட்டால் குறிப்புகள் இடம் மாறும், சில நேரம் படிக்கவே முடியாதபடி சிதறும். கோட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் அச்சுப் பாணிக் கோப்பு இல்லாவிட்டால், வெட்டுமுகத்தில் (கட்டடத்தை வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் வரைபடத்தில்) தடித்து நிற்க வேண்டிய சுவரும் தரை ஓட்டின் மெல்லிய கோடும் ஒரே தடிமனில் வரும். வெட்டுமுகம் படித்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய இழப்பு என்று. கோடுகளின் தடிமனில்தான் அந்த வரைபடம் பேசுகிறது. இத்தனைக்கும், தொடர்புள்ள எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிக் கட்டித் தரும் வசதி ஆட்டோகேடிலேயே நெடுங்காலமாக இருக்கிறது. ஒப்படைக்கும் நாளில் அதைப் பயன்படுத்துங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் போதும்.

பெரிய காப்பகங்கள் கண்ட வழிகள்

இந்தக் கவலை புதிதல்ல. சிகாகோ கலை நிறுவனம் டிஜிட்டல் வடிவமைப்புத் தரவுகளைச் சேகரிப்பது, காப்பது, காட்சிக்கு வைப்பது பற்றிய விரிவான ஆய்வறிக்கையை 2004-இலேயே வெளியிட்டது. பின்னர் எம்.ஐ.டி. நூலகங்கள் ஃபசாட் என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்தின. அதிலிருந்து வந்த யோசனை இன்றும் எனக்கு மிகவும் தெளிவானதாகப் படுகிறது: ஒரே மாதிரியை நான்கு வடிவில் வை. வந்தபடியே மூலக் கோப்பு ஒன்று. யார் வேண்டுமானாலும் திறந்து சுழற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாண பி.டி.எஃப். போன்ற காட்சிப் படி ஒன்று. முடிந்தவரை பொருளும் உறவும் குறையாத தரநிலைப் படி ஒன்று. கடைசியாக, வடிவியலை மட்டும் எஞ்சவிட்டு உலர்த்திய படி ஒன்று. வற்றல் போட்டு வைப்பதைப் போலத்தான். சுவை குறையும், ஆனால் கெடாது. எந்தப் படி எந்தக் காலத்தில் கைகொடுக்கும் என்று இன்று சொல்ல முடியாததால் நான்கையும் வைக்கிறார்கள்.

மான்ட்ரியலில் உள்ள கனடியக் கட்டடக்கலை மையம் வேறொரு திசையில் போனது. ‘டிஜிட்டலின் தொல்லியல்’ என்ற பொருளில் 2013-இல் தொடங்கிய கண்காட்சி வரிசைக்காக, கணினியை முதன்முதலாக ஆழமாகக் கையாண்ட திட்டங்களைத் தேடிப் பிடித்தது. ஃபிராங்க் கெரியின் லூயிஸ் இல்லம், பீட்டர் ஐசன்மனின் பயோசென்ட்ரம், சக் ஹோபர்மனின் விரியும் கோளம், ஷோயெய் யோவின் கூரை அமைப்புகள் ஆகியவை முதல் கண்காட்சியில் இடம்பெற்றன. அதைத் தொகுத்தவர் கட்டடக் கலைஞர் கிரெக் லின். தொல்லியல் என்ற சொல் பொருத்தமானது. இருபது, முப்பது ஆண்டே ஆன வேலைகளைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அதே மையத்தின் சேகரிப்பில் லின் 1990-களின் இறுதியில் உருவாக்கிய கருவியல் இல்லம் இருக்கிறது. அது ஒரு வீடு அல்ல. ஒரே தொடக்க உருவத்திலிருந்து, விதிகளின் எல்லைக்குள் எண்ணற்ற வீடுகள் பிறக்கலாம். எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. அசல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இதைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? அச்சிட்ட படங்களையா, செதுக்கிய மாதிரிகளையா, சேமித்து வைத்த சில வடிவங்களையா, அவற்றைப் பிறப்பித்த முறையையா? கட்டடக்கலைக் காப்பகங்களுக்கு முன்னால் இவ்வளவு கூர்மையான கேள்வியை வைத்த படைப்பு வேறு அதிகம் இல்லை.

மூலக் கோப்பை அதற்குரிய பழைய மென்பொருளிலேயே ஓடவிட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. பழைய இயந்திரத்தையே இன்றைய கணினிக்குள் பாவனையாக இயக்கும் எமுலேஷன் முறை இதற்கு உதவுகிறது. யேல் பல்கலைக்கழக நூலகம் இதைப் பல நூலகங்கள் பகிர்ந்துகொள்ளும் சேவையாகவே வளர்த்து வருகிறது. மாதிரியை அதன் காலத்துத் திரையில், அதன் காலத்துக் கருவிகளுடன் பார்க்கும்போதுதான் அந்த வடிவமைப்பாளருக்கு எது எளிதாக இருந்தது, எதற்காக அவர் மல்லுக்கட்டினார் என்பது புரிகிறது. தடை பெரும்பாலும் உரிமத்தில் வருகிறது. இணையத்தில் பதிவு செய்தால்தான் இயங்கும் பழைய மென்பொருளுக்கு, பதிவு செய்துகொடுக்கும் சர்வரே மூடப்பட்டிருக்கும். வாடகைக்கு மட்டுமே கிடைக்கும் இன்றைய மென்பொருள்களை முப்பது ஆண்டு கழித்து எப்படி இயக்கப் போகிறோம் என்பது இதைவிடக் கடினமான கேள்வி. நூலகங்கள் உரிம ஒப்பந்தம் போடும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

யாருக்காக என்று தெரியாமல்

எந்தக் கோப்பு எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை. இதற்குப் பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கலை வரலாறு கற்பித்த ஆண்ட்ரூ டாலன், கோதிக் கட்டடங்களின் அமைப்பைப் புரிந்துகொள்வதற்காக அதை லேசரால் ஸ்கேன் செய்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளைப் பதிவு செய்தார். தூண்கள் எங்கே சாய்ந்திருக்கின்றன, கட்டும்போது எங்கே வேலையை நிறுத்தி மண் இறுகக் காத்திருந்தார்கள் என்பதைப் போன்ற வரலாற்றுக் கேள்விகளுக்காகச் செய்த வேலை அது. 2018 நவம்பரில் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15 அன்று பேராலயம் தீப்பற்றியது. ஆராய்ச்சிக்காக எடுத்த பதிவு ஒரே இரவில், எரிந்த கட்டடம் முன்பு எப்படி இருந்தது என்பதற்கான முதன்மைச் சான்றுகளில் ஒன்றாகிவிட்டது.

லேசர் ஸ்கேனின் எல்லையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் பதிவு செய்யும் அந்தப் புள்ளித் திரளுக்குத் தெரிவது கதிர் பட்ட மேற்பரப்பு மட்டும். அதற்கு அந்தப் பக்கம் கல்லா செங்கல்லா, உத்திரம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தீயில் அழிந்த கூரை மரச்சட்டகத்தைப் பொறுத்தவரை, ரெமி ஃபுரோமோன், செட்ரிக் திரான்தெசோ என்ற இரு கட்டடக் கலைஞர்கள் 2014-இல் மேலே ஏறி அளந்து வரைந்த வரைபடங்கள் பெருந்துணையாயின. ஒவ்வொரு மரத்தையும் அருகில் நின்று பார்த்த கண் அந்த வரைபடங்களில் இருந்தது. நூலகம் புள்ளித் திரளையும் கைவரைபடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைத்து எதையாவது கழித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு வாதம் வேண்டியதில்லை.

ஒப்படைக்கும் நாள்

மாணவர் கோப்புகளைப் பற்றி எனக்குத் தனி அக்கறை உண்டு. புகழ்பெற்ற கட்டடக் கலைஞரின் வன்தட்டை எப்படியும் யாரோ ஒருவர் தேடி வருவார். ஒரு தலைமுறை மாணவர்கள் என்ன கற்றார்கள், எந்தக் கருவி அவர்கள் கையை எந்தப் பக்கம் இழுத்தது, திடீரென்று எல்லோருடைய கூரையும் ஏன் வளையத் தொடங்கியது என்பதற்குச் சான்று மாணவர் வேலைகளில்தான் இருக்கிறது. அவைதான் மிக வேகமாகத் தொலைகின்றன. பட்டம் வாங்கிய கையோடு மடிக்கணினி மாறும், கல்லூரி தந்த சேமிப்புக் கணக்கு மூடப்படும்.

ஒப்படைப்பின்போது நூலகம் கேட்க வேண்டியது அதிகமில்லை. மூலக் கோப்பு, அதனுடன் தொடர்புள்ள எல்லாக் கோப்புகளும் ஒரே கோப்புறையில். ஐ.எஃப்.சி. போன்ற பரிமாற்றப் படி ஒன்று. வளைபரப்புகள் நிறைந்த மாதிரியானால் ஸ்டெப் என்ற பொதுப் பரிமாற்ற வகை. தேர்வாளர்கள் பார்த்த அதே காட்சிப் பலகைகளின் பி.டி.எஃப். கிராஸ்ஹாப்பர் கணக்கு இருந்தால் அதை வழக்கமான இரும வடிவுடன், எக்ஸ்.எம்.எல். எழுத்து வடிவிலும் சேமித்துத் தரச் சொல்லலாம். சேமிக்கும்போது வகையை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதும், ஒரு நிமிட வேலை. பிளக்இன்கள் மறைந்துபோன பிறகும், எந்த உறுப்பு எதனுடன் இணைந்திருந்தது என்பதை அந்த எழுத்துக் கோப்பிலிருந்து ஒருவர் வரி வரியாகப் படித்துவிட முடியும்.

இவற்றையெல்லாம்விட நான் உயர்வாக மதிப்பது ஒரு பக்கக் குறிப்பை. மென்பொருளும் பதிப்பும், பிளக்இன்களின் பெயர்கள், அளவலகு, எது இறுதிக் கோப்பு, எந்த லேயரில் என்ன இருக்கிறது, எந்தப் பகுதி அளந்தது, எந்தப் பகுதி ஊகம், வெளியிலிருந்து இறக்கிய மரமும் நாற்காலியும் எங்கிருந்து வந்தன. தொன்மைக் கட்டடங்களின் கணினி மீட்டுருவாக்கங்களுக்காக எழுதப்பட்ட லண்டன் சாசனம், முடிவோடு சேர்த்து முடிவுக்கு வந்த வழியையும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்கிறது. மாணவர் வேலைக்கும் அது அப்படியே பொருந்தும். இந்தக் குறிப்பை ஒப்படைக்கும் நாளன்று கேட்டால் கிடைக்காது. அன்று யாரும் தூங்கியிருக்கமாட்டார்கள். பருவத்தின் நடுவிலேயே நூலகர் வடிவமைப்புக் கூடத்துக்குப் போய், மாணவர் மேசையருகே உட்கார்ந்து, கோப்புக்கு எப்படிப் பெயர் வைக்கிறீர்கள் என்று கேட்டுத் தொடங்க வேண்டும். அந்த ஒழுங்கு மாணவருக்கே முதலில் உதவும் என்பதால் மறுப்பவர் குறைவு.

உரிமையைப் பற்றியும் அப்போதே பேசிவிடுவது நல்லது. மாதிரியை யார் பார்க்கலாம், யார் இறக்கிக்கொள்ளலாம், குழுவாகச் செய்ததில் எல்லோரும் சம்மதித்தார்களா, செயல்பாட்டில் உள்ள மருத்துவமனை, சிறை போன்ற கட்டடங்களின் உட்புற விவரங்களைப் பொதுவில் வைக்கலாமா என்பவை பின்னால் கேட்டுப் பெற முடியாத பதில்கள்.

அந்தக் குறுந்தகட்டை இப்போது என்ன செய்வது? தகட்டை முழுவதுமாகப் படி எடுத்து, சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, வந்தபடியே ஒரு படியை மூடி வைக்க வேண்டும். மாதிரியிலிருந்து ஒரு பரிமாற்றப் படி, ஒரு காட்சிப் படி எடுக்கலாம். எந்தக் கருவியாலும் எடுக்க முடியாதது ஒன்று பாக்கி இருக்கும். ஆனால் நூறாண்டுச் சுருளைக் காக்கும் நூலகருக்கு என்றுமே கிடைக்காத வசதி இங்கே இருக்கிறது: வரைந்தவர் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார். முன்னாள் மாணவர் பட்டியலில் அவருடைய முகவரி இருக்கும். அழைத்து, ஒரு பிற்பகல் நேரம் கேட்டு, கோப்பைத் திரையில் திறந்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்: மூன்று ‘இறுதி’களில் எது இறுதி? கூரை எந்தப் பிளக்இன்னில் வளைந்தது? இந்த 0.62 எங்கிருந்து வந்தது?